டிராகுலா சூட்கேசில் வந்த கதை

சித்தியின் மகள் ஸ்காபரோவிலிருந்து வந்திருந்தாள். வெள்ளவத்தை வீட்டில் சூட்கேசைத் திறந்து எல்லோருக்கும் சொக்லேட்டும் கிறீமும் பங்கு போட்டு முடித்த பிறகு, அடியில் ஒரு சுவெட்டருக்குள் சுற்றி வைத்திருந்ததை எடுத்து என்னிடம் நீட்டினாள். "இந்தாங்கோ அண்ணா, உங்கட பேய்ப்படம். இப்ப கனடாவிலயே ஆரும் டிஸ்க் வாங்கிறேல்லை."

காஸில்வேனியா என்கிற கார்ட்டூன் தொடர், முதல் சீசன், புளூரே டிஸ்க். நாலே நாலு எபிசோட். எல்லாம் சேர்த்தாலும் ஒன்றரை மணித்தியாலம் சொச்சம்தான், தமிழ்ப் படமென்றால் இடைவேளை முடிந்து கதாநாயகன் எழும்புகிற நேரம். இதற்காக ஒரு பிள்ளையைக் கடைக்கு அலைய விட்டாயா என்று அம்மா அப்போதே தொடங்கிவிட்டா.

நெட்பிளிக்ஸில் இருக்கிறதே, பிறகு எதற்கு டிஸ்க் என்று நீங்களும் கேட்பீர்கள். முதலாவது காரணம் இருட்டு. இந்தத் தொடரில் பாதி கதை இரவில், மிச்சம் நிலவறையில் நடக்கிறது. டேட்டா தீருகிற மாதக் கடைசியில் பார்த்தால் கறுப்பெல்லாம் சாம்பல் கட்டங்களாக உடைந்து, பிசாசு எது, படத்தின் பிசிறு எது என்று தெரியாது. பயப்பட வேண்டிய இடத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருப்பேன்.

மற்றக் காரணம் கொஞ்சம் கிறுக்குத்தனமானது. இந்தக் கதை டிஸ்க்குக்காகவே எழுதப்பட்டது. 2007 அளவில், தியேட்டருக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வருகிற கார்ட்டூன் படமாக இதை எடுக்கத் திட்டம் போட்டார்கள், எழுத வந்தவர் காமிக்ஸ் எழுத்தாளர் வாரன் எலிஸ். ஒரு படத்துக்குள் அடங்காது என்று அவர் மூன்றாக்கினார், அப்புறம் அது அப்படியே கிடப்பில் போய்விட்டது. பத்து வருடம் கழித்து, 2017 ஜூலையில் நெட்பிளிக்ஸில் நாலு எபிசோடாக வந்தது அந்த மூன்றில் முதல் துண்டு. அதனால்தான் டிராகுலாவை எதிர்க்கிற மூன்று பேரும் ஒன்று சேர்ந்து 'சரி, இனிப் போவோம்' என்கிற இடத்தில் சட்டென்று முடிந்துவிடும். அன்றைக்கு எனக்கு வந்த கோபம்! முதல் சீசன் அமெரிக்காவில் டிஸ்க்காக வர 2018 டிசம்பர் ஆகிவிட்டது. வீடியோவுக்கென்று எழுதியது ஊரெல்லாம் சுற்றி வீடியோவுக்கே வந்து சேர்ந்திருக்கிறது, அதை ஒருக்கால் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

இந்தத் தொடருக்கு மூலமான கேம் பற்றியும் சொல்ல வேண்டும். கொழும்பில் எங்கள் வயதுப் பொடியன்களில் ரி.வி. கேமில் கொண்ட்ரா விளையாடாதவன் இருந்திருக்க மாட்டான். அதே கொனாமி கம்பனிதான் 1986இல் காஸில்வேனியாவையும் கொண்டு வந்தது. சாட்டையோடு ஒருவன் கோட்டைக்குள் போவான், வௌவால் இடிக்கும், படியிலிருந்து விழுந்து சாவான். என் அனுபவம் அத்தோடு சரி. 1989இல் ஜப்பானில் வந்த மூன்றாவது கேமின் ஆட்கள்தான் தொடரில் வருகிற டிரெவர், சைஃபா, அலுகார்ட் எல்லோரும். (அலுகார்டை ஆங்கிலத்தில் எழுதித் திருப்பி வாசித்துப் பாருங்கள். நான் இருபத்தைந்து வயதில்தான் கவனித்தேன்.)

சரி, அன்று இரவே டிஸ்க்கைப் போட்டேன். என்னிடம் புளூரே ஓடுகிற ஒரே சாமான், டுபாயில் வேலை செய்த மச்சான் கொண்டு வந்து தந்த கேம் பெட்டி. டிஸ்க் உள்ளே போனது, கிர் என்று ஒரு சத்தம், பிறகு இந்தப் பிராந்தியத்துக்கு உரியதல்ல என்று ஒரு வரி. அப்போதுதான் பெட்டியைத் திருப்பிப் பார்க்கிறேன், மூலையில் சின்னதாக ஒரு ஏ. புளூரேக்கு உலகத்தை மூன்றாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அமெரிக்கா, கனடா, ஜப்பான், சிங்கப்பூர் எல்லாம் ஏ. ஐரோப்பாவும் டுபாயும் பி. இந்தியா, சீனாவோடு நாங்கள் சி. ஆக, ஏ டிஸ்க்கை பி பெட்டிக்குள் போட்டுவிட்டு சி நாட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

டிவிடிக்கும் இந்தக் கூத்து இருந்தது, நாங்கள் ஐந்தாம் பிராந்தியம். ஆனால் அந்தக் காலத்தில் யார் கவலைப்பட்டது? பொலித்தீன் உறைக்குள் மங்கலான கவரோடு விற்ற கொப்பிகளுக்குப் பிராந்தியமும் கிடையாது, மனச்சாட்சியும் கிடையாது. ஒரிஜினல் வந்தாலும் பிளேயர் விற்ற கடை அண்ணாவே ரிமோட்டில் நாலைந்து இலக்கத்தைத் தட்டிப் பூட்டைத் திறந்துவிடுவார். முதன்முறையாகக் காசு கொடுத்து நேர்மையாக வாங்கினேன், பாருங்கள் என் நிலைமையை.

கடைசியில் கொட்டாஞ்சேனையில் இருக்கிற கூட்டாளி ஒருவன் ஞாபகத்துக்கு வந்தான். அவனுடைய பெட்டி சிங்கப்பூர் மாமா வாங்கி வந்தது, அதனால் ஏ. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வீட்டுக்கு வரும் நேரம் பார்த்துப் போனேன்.

ஜன்னலை மூடித் திரையை இழுத்துவிட்டுப் போட்டோம். அந்தக் கறுப்பு இருக்கிறதே, அது கறுப்பாகவே இருந்தது! ருமேனியாவின் வலாக்கியா, 1455. லிசா என்ற பெண் மருத்துவம் படிக்க வேண்டும் என்று டிராகுலாவின் கோட்டைக் கதவைத் தட்டுகிறாள், பயமே இல்லை. பிறகு அவனுக்கே மனைவியாகிறாள். இருபது வருடம் கழித்து அவளைச் சூனியக்காரி என்று கட்டி எரிக்கிறார்கள். முதல் எபிசோட் முழுக்க இதுதான், கதாநாயகன் கடைசியில்தான் தலைகாட்டுவான். மற்றவர்களாக இருந்தால் இதை இரண்டு நிமிட முன்கதையாக முடித்திருப்பார்கள். இங்கே டிராகுலாவின் பிசாசுப் படை கிளம்பும்போது, அந்த மனுசனுக்குக் கோபம் வந்ததில் என்ன பிழை என்று நாங்களே நினைக்கிற அளவுக்குக் கொண்டு வந்துவிடுகிறார்கள்.

கூட்டாளியின் அம்மா உள்ளி உரித்துக்கொண்டே பின்னால் வந்து உட்கார்ந்ததை நான் கவனிக்கவில்லை. நாலாவது எபிசோட் வந்ததும் எனக்கு வயிறு கலங்கியது. ஆயர் தேவாலயத்துக்குள் நிற்கிறார், பிசாசு வாசலோடு நிற்காமல் உள்ளே வருகிறது, இது கடவுளின் வீடு என்கிறார், இங்கே கடவுள் இல்லை என்கிறது அது. சென். லூசியாஸ் தேவாலயத்தில் இருந்து இப்போதுதான் வந்த மனுசிக்கு இதைக் காட்டுகிறோமே என்று ரிமோட்டைத் தேடினேன், அது கூட்டாளியின் தொடைக்குக் கீழே. பிசாசு ஆயரைக் கடித்தது.

அன்ரி உள்ளித் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டா. "அந்தப் பிள்ளைய எரிச்சது இவர்தானே? பின்ன என்ன?"

அவ்வளவுதான் விமர்சனம். எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டா.

டிஸ்க் இப்போது கொட்டாஞ்சேனையில்தான் இருக்கிறது, என் வீட்டில் வைத்து என்ன செய்ய? இரண்டாவது சீசனில் எட்டு எபிசோட். அதன் ஏழாவதில், கோட்டைக்குள் சண்டை நடக்கும்போது பழைய கேமின் 'பிளடி டியர்ஸ்' இசை எழும்புகிற இடத்தை அந்த இருட்டில் அந்த ரி.வி.யில் கேட்க வேண்டும். சித்தி டிசம்பரில் வருகிறாவாம். சூட்கேசில் கொஞ்சம் இடம் இருக்குமா என்று தங்கச்சிக்கு மெசேஜ் போட்டிருக்கிறேன். இரண்டு கோடும் நீலமாகி ஒரு மணித்தியாலம் ஆகிறது, பதிலைக் காணவில்லை.