டிரங்குப் பெட்டிக்குள் கிடந்த நீதிமன்றக் கடதாசி

அப்பா தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி. பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) மாமா முச்சக்கர வண்டி வாங்கியபோது பிணைக்குக் கையெழுத்து வைத்தார். மாமா கொழும்புக்குப் போனார், தவணை நின்றது. நுவரெலியா மாவட்ட நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தது. அது முழுவதும் சிங்களத்தில் இருந்தது. அப்பாவுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. நான்காக மடித்து, கோயில் திருநீற்றுப் பொட்டலத்தோடு டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்து வந்தது, கடனைக் கட்டச் சொல்லும் தீர்ப்பாணை. அப்பா போகாததால் ஒருதலையாக விசாரித்துத் தீர்த்துவிட்டார்கள். கடன் கொடுத்த நிறுவனத்தின் ஆள் தொலைபேசியில், "தோட்ட ஆபீஸில் சொல்லிச் சம்பளத்தையே வெட்டுவோம்" என்று மிரட்டினார். அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, அப்போது 1,350 ரூபாய். மழை நாளில் அதுவும் இல்லை. அதில் என்ன வெட்ட முடியும்?

கிராம உத்தியோகத்தரிடம் வருமானச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி ஒருவரைப் பார்த்தோம். அந்த அம்மா முதலில் கேட்டது, "தீர்ப்பாணை எந்தத் தேதியில் கைக்கு வந்தது?" என்பதைத்தான். கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் காரணம் காட்டி, தீர்ப்பாணையை நீக்கும்படி விண்ணப்பிக்கலாம். நாங்கள் போனது ஒன்பதாம் நாள். இன்னும் ஒரு வாரம் பெட்டிக்குள் கிடந்திருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும்.

சம்பளத்தைப் பற்றி அவர் சொன்னதை அப்பா இரண்டு முறை திரும்பக் கேட்டார். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 218ஆம் பிரிவின்படி, தீர்ப்புக் கடனுக்காகத் தொழிலாளியின் கூலியைக் கைப்பற்ற முடியாது. உடுதுணி, படுக்கை, பிழைப்புக்கு வேண்டிய கருவிகள் ஆகியவற்றுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. "கவ்வாத்துக் கத்தியுமா அம்மா?" என்று அப்பா கேட்டார். "கத்தியும்தான் ஐயா" என்றார் அவர்.

அதோடு கடன் தீர்ந்துவிட்டது என்று நினைத்தால் தவறு. தீர்ப்பாணையைப் பத்து ஆண்டு வரை நிறைவேற்றக் கேட்கலாம். வங்கிச் சேமிப்பையோ வேறு சொத்தையோ பிஸ்கால் என்ற நீதிமன்ற அலுவலர் மூலம் கைப்பற்றலாம். என்ன சொத்து இருக்கிறது என்று விசாரிக்க நீதிமன்றம் அழைத்தால் போய் உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும். சேமிப்புப் புத்தகத்தில் இருந்ததை என் பெயருக்கு மாற்றிவிடலாமா என்று நான் மெதுவாகக் கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "தம்பி, கடன் கொடுத்தவரை ஏமாற்றுவதற்காகப் பெயர் மாற்றினால் நீதிமன்றம் அதை இரத்துச் செய்யும். உங்கள் அப்பாவின் சொல்லுக்கும் பிறகு மதிப்பிருக்காது" என்றார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. அவர் சொன்னது நியாயம்.

தீர்ப்பாணையை நீக்கக் கேட்ட விண்ணப்பத்தின் வழக்கு நாளில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டோம். நீதிமன்றத்தில் நடப்பதைத் தன் மொழியில் விளங்கிக்கொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை கொடுத்திருக்கிறது. கேட்டிராவிட்டால் அப்பா அன்றும் தலையாட்டிவிட்டுத்தான் வந்திருப்பார். தனக்கு அந்தக் கடதாசி விளங்கவில்லை என்பதை, கூண்டில் நின்று, தமிழில், அவரே சொன்னார். குரல் நடுங்கியது, ஆனாலும் சொல்லி முடித்தார்.

பிறகு இரு தரப்பும் இணக்கத்துக்கு வந்தன. மாதம் 4,000 ரூபாய் கட்டுகிறோம், பாதி என் பங்கு. பற்றுச்சீட்டு ஒவ்வொன்றையும் நான் வாசித்துக் காட்டிய பிறகே அப்பா பெட்டியில் வைக்கிறார்.

பிணை நின்றவர் கட்டிய பணத்தை, கடன் வாங்கியவரிடம் திருப்பிக் கேட்க உரிமை உண்டு. அந்த வழக்கைப் போட அப்பா சம்மதிக்கவில்லை. மாமாவின் பிள்ளைகள் இன்னும் பக்கத்து லயத்தில்தான் இருக்கிறார்கள் என்கிறார்.