காஞ்சு போன புதினாவைப் பிடுங்கிடாதீங்க

எங்க மொட்டைமாடி புதினா ஏற்காட்டுல இருந்து வந்தது. சித்தி வீட்டுப் பின்னாடி பாத்திரம் கழுவற தண்ணி ஓடற இடத்துல, சில்வர் ஓக் நிழல்ல, யாரும் கவனிக்காமலே பாய் விரிச்ச மாதிரி கிடக்கும், நான் கிளம்பறப்போ ஒரு கைப்பிடி பறிச்சு ஈரத்துணியில சுத்தி "வீட்டுக்குப் போனதும் தண்ணியில போட்டுடு கண்ணு"ன்னு குடுத்தாங்க, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கற வரைக்கும் மடியில அந்த வாசம்தான்.

அடி இலையெல்லாம் கிள்ளிட்டு டம்ளர்ல வச்சேன், ஒரு வாரத்துல கணுவுக்குக் கணு வெள்ளை வேர். புதினா வேர் ஆழமா போகாது, பக்கவாட்டுல ஓடும், அதனால உயரமான பக்கெட் வேண்டாம், அகல டப் எடுங்க. செம்மண், மக்கின சாணி எரு, கொஞ்சம் தென்னை நார்க்கழிவு, போதும்.

ஆனா ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம், நம்ம சேலம் 300 மீட்டர் கூட இல்ல, அந்தக் குளிர் இங்க கிடையாது, வெயில்தான். போன மே மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போய் நாலு நாள் கழிச்சு வந்து பாத்தா தொட்டா நொறுங்குது. அம்மா "பிடுங்கிப் போட்டுட்டு துளசி வைடி"ன்னாங்க. எனக்கு மனசு வரல. விரலால மண்ணைக் கீறிப் பாத்தேன், உள்ள நூல்கண்டு மாதிரி வெளுத்த தண்டு, ஒண்ண ஒடிச்சா உள்ள ஈரம், அதே வாசம்! அது உயிரோட இருந்துச்சுங்க. காஞ்சதை எல்லாம் ரெண்டு விரல் உயரத்துக்கு விட்டு ஒட்ட வெட்டிட்டு, காலை வெயில் மட்டும் படற கிழக்குச் சுவர் ஓரமா நகர்த்தி, மேல வைக்கோல் பரப்பி, தினமும் விடியக்காலைல மட்டும் தண்ணி ஊத்தினேன், ஈரம் இருக்கணும் ஆனா தேங்கக் கூடாது. பன்னெண்டாம் நாள் மண்ணோட ஒட்டி கருஞ்சிவப்பா கடுகு அளவு மொட்டு, எண்ணிப் பாத்தேன், ஏழு.

அப்புறம் ஒண்ணு, இலைக்கு அடியில துரு மாதிரி பொடி தெரிஞ்சா அந்தத் தண்டை அடியோட வெட்டி குப்பையில போடுங்க, எருக்குழியில வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை டப்பைக் கவுத்து வேரைப் பிரிச்சு நடணும், இல்லன்னா நடுவுல சொட்டையாயிடும்.

ஆடி பொறந்ததும் முதல் பறிப்பு. வீட்டுலயே நம்ம சேலத்துத் தட்டுவடை செட் போட்டோம், ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல கேரட் பீட்ரூட் துருவி வச்சு, பச்சைச் சட்னி முழுக்க அந்தப் புதினா. அம்மா ரெண்டாவது செட் கேட்டாங்க.