அனுபவச் சான்றிதழில் ‘ஹெல்பர்’ என்று இருந்ததால் போன ஒரு வருஷம்

ராணிப்பேட்டை சிப்காட்டில் 14 வருஷமாக லேத் (இரும்பு கடையும் மெஷின்) ஓட்டுகிறேன். பத்தாவதோடு சரி, ஐ.டி.ஐ. போகவில்லை. எங்கள் ஷெட்டில் பழைய லேத் இரண்டைத் தூக்கிவிட்டு, கம்ப்யூட்டரில் எண் அடித்து ஓட்டும் சி.என்.சி. லேத் இறக்கினார்கள். ஐ.டி.ஐ. சர்ட்டிபிகேட் உள்ளவர்களுக்குத்தான் அந்த மெஷின் என்று சொல்லிவிட்டார்கள். நான் தொழில் சொல்லிக்கொடுத்த பையன் அதில் நிற்க, நான் பக்கத்தில் இரும்புச் சுருள் அள்ளினேன்.

ஐ.டி.ஐ. படிக்காதவர்களும் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதலாம். 21 வயதும், அதே தொழிலில் 3 வருஷ அனுபவமும் வேண்டும். விண்ணப்பத்துக்கான மற்ற தாள்கள் ஒரே நாளில் தயார். அனுபவச் சான்றிதழில்தான் மாட்டினேன்.

நான் காண்ட்ராக்ட் ஆள் என்பதால் காண்ட்ராக்டர்தான் எழுதிக் கொடுத்தார். ஒரு நாள் கூலியை விட்டு, முத்துக்கடையில் பஸ் ஏறி விண்ணப்பம் கொடுக்க வேலூர் போனேன். என் ஆதாரில் இன்னும் வேலூர் மாவட்டம்தான். ராணிப்பேட்டை 2019-லேயே தனி மாவட்டமாகிவிட்டதே, அங்கேயே கொடுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாளும் கூலி போனது. ராணிப்பேட்டை ஆபீசில் எழுத்தர் அனுபவச் சான்றிதழைப் பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பினார்.

“ஹெல்பர்னு போட்டிருக்கு. டர்னர்னு எங்க இருக்கு?”

லேத் ஓட்டுபவருக்கு டர்னர் என்றுதான் பெயர். இங்கிலீஷில் இருந்ததால் நான் படிக்காமலே மடித்து வைத்திருந்தேன். காண்ட்ராக்டரிடம் ஓடினேன். “டர்னர்னு எழுதினா நாளைக்கு ஸ்கில்டு சம்பளம் கேப்பியேப்பா” என்றார். போர்மேன் அண்ணன் எனக்காகப் பேசிப் பேசி, திருத்திய கடிதம் கைக்கு வர மூன்று வாரம். அதற்குள் கடைசித் தேதி முடிந்து, ஒரு வருஷம் போய்விட்டது. இன்னமும் வயிறு எரிகிறது. காண்ட்ராக்டில் இருப்பவர்கள் தயவுசெய்து கடிதத்தை வாங்கிய இடத்திலேயே யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். டர்னர், பிட்டர், வெல்டர் என்று தொழில் பெயரும், எந்தத் தேதியிலிருந்து எதுவரை என்பதும், கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும்.

அந்த ஒரு வருஷத்தில் டிராயிங் படிக்கக் கற்றேன். உண்மையில் எனக்கு அதுதான் குறை. மாதிரித் துண்டைக் கொடுத்தால் அச்சாகக் கடைந்துவிடுவேன். தாளில் மூன்று பக்கத் தோற்றம் போட்டுக் கொடுத்தால் திணறுவேன். அதே பையன்தான் டீ நேரத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். முதல்நிலைத் தேர்வு, அப்புறம் தொழிற்தேர்வு, இரண்டிலும் தேறினேன்.

போன மாதம் சி.என்.சி.யில் நின்றேன். பழைய லேத்தில் விட்டம் 2 மி.மீ. குறைய 1 மி.மீ. தள்ளினால் போதும். கை அந்தக் கணக்கிலேயே பழகிவிட்டது. இதில் எக்ஸ் என்று அடிக்கும் எண்ணே விட்டம். 38 வேண்டுமென்றால் 38 என்றே அடிக்க வேண்டும். நான் பாதிக் கணக்கில் 19 அடித்துவிட்டேன். ஸ்டார்ட்டைத் தொடுமுன் பையன் கையைப் பிடித்தான்: “அண்ணே, எக்ஸ் பாருங்க.”

திருத்தி ஓட்டினேன். முதல் துண்டை மைக்ரோமீட்டரில் பிடித்தேன். 38.01.