கண்மாய்க்கு மே மாதத்தில் மட்டும் வருகிறவர்கள்

ஏப்ரல் பிறந்தால் என் வாட்ஸப்பில் ஒரே மாதிரி செய்திகள். "சார், நீர் மேலாண்மையில இன்டர்ன்ஷிப் கிடைக்குமா? மே 10லேருந்து ஒரு மாசம் லீவு." சிலர் கூடவே கேட்பார்கள்: "சர்டிஃபிகேட்ல க்ளைமேட் சேஞ்ச்னு வருமா சார்?" வரும், அதற்கென்ன. ராமநாதபுரம் மாவட்டம் திருவாடானைப் பக்கம் கண்மாய் வேலை பார்க்கிற நாலு பேர் நாங்கள். பிள்ளைகள் வந்தால் எங்களுக்கும் ஆள் பலம்.

ஆனால் மே மாதத்தில் இங்கே என்ன இருக்கிறது? வெடித்த தரை, சீமைக்கருவேல், நடுவில் ஒரு ஆட்டுக்கிடை. "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயைப் பற்றி எங்கேயோ படித்துவிட்டு ஆசையாகப் பார்க்க வருவார்கள். கூட்டிப் போய்க் காட்டினால், "இதுவா சார்?" என்பார்கள். மழைக்காலம் எங்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை. அந்த மாதங்களில் அவர்களுக்கு இன்டர்னல், ப்ராக்டிகல், செமஸ்டர். தண்ணீரைப் படிக்க வந்தவர்கள் தண்ணீரைப் பார்க்காமலே ஊர் திரும்புகிறார்கள்.

மே மாதம் வீண் என்று சொல்லவில்லை. கண்மாயின் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்குகிற உள்பரப்பில், நடந்து அளப்பதற்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. போன வருடம் கோவையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள், மூவரும் சிவில் மூன்றாம் ஆண்டு. வந்த இரண்டாம் நாளே அதில் ஒரு பெண் தரையில் குச்சியால் கணக்குப் போட்டாள். 50 ஏக்கர் கண்மாய். 10 செ.மீ. வண்டல் எடுத்தால் 20,000 கன மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதாவது கூடுதலாக 2 கோடி லிட்டர் தேங்க இடம். மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுகிற நீர்பாய்ச்சி ஐயா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டார்: "அதெல்லாஞ் சரித்தா, எத்தன வண்டி மண்ணு ஆத்தா?" மறுபடி குச்சி. 3 யூனிட் (300 கன அடி) டிப்பர் என்றால் ஏறத்தாழ 2,400 நடை. ஐயா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

பிறகு கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்காலை அளந்தார்கள். மேலே பிரிகிற இடத்திலிருந்து கண்மாய் வரை இரண்டு கிலோமீட்டருக்குப் பக்கம். இந்தப் பூமி தட்டையானது. கிலோமீட்டருக்கு ஒரு முழம்கூடச் சரிவு இருக்காது. நடுவே ரோட்டுக்கு அடியில் ஒரு குழாய்ப் பாலம். அதன் வாயை முள்ளும் பாலிதீனும் மூடியிருந்தன. பாலம் வரை முதல் நாள் முடிந்தது. பாலமும் அதற்குக் கீழே உள்ளதும் மறுநாள். மேடு பள்ளம் பார்க்கிற டம்பி லெவல் கருவியைப் பையன் பார்க்க, முள்ளுக்குள் கையை விட்டு ஸ்டாஃபை, அதாவது கட்டுக் கட்டாக இழுத்து நீட்டுகிற அளவுகோலை, குழாயின் அடியில் நிறுத்தினாள் அந்தப் பெண். கையெல்லாம் கீறல். மேப் அழகாக வந்தது, தண்ணீர் தங்குதடையின்றி இறங்குவதாகக் காட்டியது. நானும் பார்த்துத் தலையாட்டினேன். சர்டிஃபிகேட் கொடுத்து அனுப்பியாயிற்று.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு அந்தப் பெண் போன் செய்தாள். "சார், அங்க மழைன்னு நியூஸ்ல பாத்தேன். மதுரைக்கு பஸ் ஏறிட்டேன்." விடியற்காலை தேவகோட்டையில் போய் ஏற்றி வந்தேன். நேராக வாய்க்காலுக்குப் போனோம். செந்தண்ணீர், மேலே நுரை, சருகு, ஒற்றைச் செருப்பு. வேகமாக வந்தது, பாலத்தடியில் நின்றது. நின்று, இடது பக்கம் கரை தாழ்ந்த இடமாகப் பார்த்துத் திரும்பி ஒருவருடைய வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது. வயல்காரர் எங்களை ஏசினார். கண்மாய்க்கு ஒரு சொட்டு போகவில்லை.

"நம்ம மேப்ல இது பள்ளம்தானே சார்?"

குழாயின் அடி வாய்க்கால் தரையைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தது. ஊர்க்காரர்களோடு சேர்ந்து மணல் மூட்டை அடுக்கி அந்தத் தாழ்ந்த கரையை அடைத்தோம். அரை மணி நேரத்தில் மட்டம் ஏறி, குழாய்க்குள் தண்ணீர் புகுந்த சத்தம் கேட்டது. ஆபீஸுக்கு வந்ததும் ஈரத் துணியோடு ஸ்டாஃபை எடுத்து நீட்டிப் பார்த்தாள். இரண்டாவது கட்டில் இருக்கிற பட்டன் தேய்ந்து போயிருந்தது. பிடித்து நிறுத்தினால் மெதுவாகச் சரிந்து இறங்குகிறது. சரிந்தால் ரீடிங் கூடும், ரீடிங் கூடினால் மேடு பள்ளமாகத் தெரியும். மே மாதத்தில் அந்தப் பட்டனை யாரும் அழுத்திப் பார்க்கவில்லை. பொருள் எங்களுடையது, பார்த்திருக்க வேண்டியவன் நான்.

அந்த வருகை இல்லாவிட்டால் அந்தத் தப்பான மேப்பை வைத்து ஊராட்சியில் மனு கொடுத்திருப்போம்.

பருவநிலை மாற்றம் என்று பாடத்தில் படிப்பது எங்கள் ஊரில் இப்படித்தான் வந்து நிற்கிறது. 2016ல் தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைவு. 2023 டிசம்பரில் இதே தென்கடலோரம், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அது அதிகம். இரண்டு மாதம் நின்று நிதானமாகப் பெய்தால் ஒரு சாண் மேடு பெரிய விஷயமில்லை, எப்படியாவது தண்ணீர் ஏறிவிடும். இரண்டு ராத்திரியில் கொட்டிவிட்டுப் போகிற மழைக்கு அந்தச் சாண்தான் எல்லாம்.

அதனால் இந்த வருடம் வாட்ஸப்பில் கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே பதில் அனுப்புகிறேன்: மே மாதம் 15 நாள், நவம்பரில் 5 நாள். இரண்டும் முடித்தால்தான் சர்டிஃபிகேட். ஒரு கல்லூரியில் அகடமிக் காலண்டரில் இடமில்லை என்றார்கள். இன்னொன்றில் பதிலே இல்லை. நேற்று இரவு ஒரு பையன் மட்டும் கேட்டிருக்கிறான்: "ஓகே சார், வரேன். அட்டெண்டன்ஸ் 76 பர்சன்ட் இருக்கு. 75க்குக் கீழ போனா எக்ஸாம் எழுத விடமாட்டாங்க. எத்தனை நாள் லீவு போடலாம்?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு மேல் தாங்காது.