மணிக்கட்டில் தொலைந்த இருபது டிகிரி

மசாஜ் தெரபி வகுப்பில் மணிக்கட்டின் அசைவை அளக்கச் சொன்னபோது, புத்தகத்தில் இருந்தது நான்கே எண்கள். உள்ளங்கைப் பக்கம் மடக்க 80 டிகிரி, புறங்கைப் பக்கம் நிமிர்த்த 70, கட்டைவிரல் பக்கம் சாய்க்க 20, சுண்டுவிரல் பக்கம் 30. மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் போதும். அளந்து பழகத்தான் ஒரு மாதம் ஆனது.

எனக்கு ஜோடியாக வாய்த்தவர் என்னைவிட மூத்த ஒரு அக்கா. அவர் முன்கையை மேஜையில் படுக்க வைத்து, கை மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்கும்படி விட்டேன். மூட்டு வளையும் கோணத்தை அளக்கும், இரண்டு கோல் கொண்ட கருவியான கோனியோமீட்டரின் மையத்தைச் சுண்டுவிரல் பக்கத்து மணிக்கட்டில் வைத்தேன். ஒரு கோலை முன்கை எலும்போடும் இன்னொன்றைச் சுண்டுவிரலுக்கு நேரான உள்ளங்கை எலும்போடும் சேர்த்து மடக்கச் சொன்னால் 58தான் வந்தது. மறுபடி அளந்தேன், 60. அக்காவுக்கு வலியும் இல்லை, பழைய அடியும் இல்லை.

மேடம் வந்தார். கருவியைப் பார்க்கவே இல்லை. "விரலைப் பாரும்மா" என்றார். அக்கா இறுக்கமாக முஷ்டி பிடித்திருந்தார். "விரலைத் தளர விடுங்க அக்கா" என்றேன். கை தானாக இன்னும் கீழே இறங்கியது. 78!

விரல்களை நீட்டும் தசைநாண்கள் மணிக்கட்டின் மேல்பக்கமாகத்தான் ஓடுகின்றன. முஷ்டி பிடித்தாலே அவை இழுபட்டுவிடும். அப்புறம் மணிக்கட்டு மடங்க இடம் கொடுக்காது. உங்கள் கையிலேயே இரண்டு விதமாகவும் மடக்கிப் பாருங்கள், உடனே தெரியும்.

பக்கவாட்டு அசைவில் வேறு சிக்கல். மையம் மணிக்கட்டின் நடுவில், கோல் நடுவிரலுக்கு நேராக. அதெல்லாம் சரியாக வைத்தும் எண் கூடிக்கொண்டே போனது. கையோடு முன்கையும் நகர்ந்திருக்கிறது! இடது கையால் அதை அழுத்திப் பிடித்த பிறகுதான் அளவு நிலைத்தது. கட்டைவிரல் பக்கம் ஏன் குறைவு என்பதையும் தொட்டே புரிந்துகொண்டேன்: அந்தப் பக்கத்து முன்கை எலும்பின் முனை, சுண்டுவிரல் பக்கத்து முனையைவிடக் கீழே நீண்டிருக்கிறது. கை சாய்ந்தால் சீக்கிரமே முட்டிக்கொள்கிறது.

இதற்குள் என் மணிக்கட்டே வலிக்க ஆரம்பித்திருந்தது. முதுகை அழுத்தும்போது அந்த 70 டிகிரியையும் முழுதாக வளைத்து, உடம்பின் பாரத்தை அதன்மேல் போட்டிருக்கிறேன். இப்போது ஆழமான அழுத்தத்துக்கு முன்கையைத்தான் பயன்படுத்துகிறேன்.

யார் வந்து உட்கார்ந்தாலும் எண்ணெயைத் தொடும் முன் இரண்டு மணிக்கட்டையும் அளக்கிறேன். வலது கையை ஒப்பிட, புத்தகத்து எண்ணைவிட அவருடைய இடது கைதான் எனக்கு முக்கியம்.