எட்டிலிருந்து ஒன்பதுக்கு

மார்ச் 3, 2025

எங்கள் சர்வர்களின் இயங்குதளமான ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8-லிருந்து 9-க்குப் போகும் வேலை தொடங்கியாயிற்று. முதலில் சோதனை சர்வர். இந்த மாற்றத்தைச் செய்துதரும் லீப் கருவியின் முன்னாய்வு அறிக்கையை வரி வரியாகப் படித்தேன். எதைச் சரிசெய்யாமல் மேலே போக முடியாது என்று அது தெளிவாகவே சொல்கிறது. ஆனால் ரெட் ஹாட் கையொப்பம் இல்லாத பேக்கேஜ்களை (மென்பொருள் பொதிகளை) பட்டியல் போட்டுக் காட்டுவதோடு சரி. அவை 9-ல் ஓடுமா என்று பார்ப்பது நம் வேலை. எங்கள் சொந்த மென்பொருள் முழுக்க அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

மார்ச் 4

பயந்த அளவுக்கு இல்லை. 7-ல் கம்பைல் செய்த, அதாவது மூல நிரலிலிருந்து ஓடும் கோப்பாக மாற்றிய, பழைய சி நிரல்கள் பல, கை வைக்காமலே 9-ல் ஓடின. சி நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரியான (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் ஃபங்ஷன்களின் தொகுப்பு) ஜிலிப்சியைப் பராமரிப்பவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதில் ஃபங்ஷன்களுக்குப் பதிப்பு முத்திரை இருக்கிறது. ஜிலிப்சி 2.14-ல், நினைவகத்தில் தரவை நகலெடுக்கும் மெம்காப்பிக்குப் புது வடிவம் வந்தபோது, பழையதைத் தூக்கி எறியாமல் அதன் முத்திரையோடு உள்ளேயே வைத்துவிட்டார்கள். பழைய நிரல் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

மார்ச் 6

ஒரு நிரல் படுத்துவிட்டது. நிரலுக்கு எந்த லைப்ரரிகள் வேண்டும் என்று காட்டும் எல்டிடி போட்டுப் பார்த்தால் லிப்கிரிப்டோ.எஸ்ஓ.10-க்கு நேரே ‘நாட் ஃபவுண்ட்’. குறியாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 1.0 காலத்து லைப்ரரி அது. 8-ல் அதற்கென்று ஒரு கம்பாட் பேக்கேஜ் (பழைய நிரல்களுக்காகப் பழைய பதிப்பைத் தருவது) இருந்தது, அதனால் நிரல் ஓடிக்கொண்டிருந்தது. 9-ல் ஓப்பன்எஸ்எஸ்எல் 3 வந்துவிட்டது. கம்பாட் பேக்கேஜ் 1.1-க்கு மட்டும்தான்.

இது ஒளித்து வைத்த விஷயம் இல்லை. எந்த லைப்ரரிக்கு எவ்வளவு காலம் உத்தரவாதம் என்று ரெட் ஹாட்காரர்கள் நிலை நிலையாகப் பிரித்து எழுதியே வைத்திருக்கிறார்கள். ஜிலிப்சி முதல் நிலை, மூன்று பெரிய பதிப்புகள் வரை தாங்கும். ஓப்பன்எஸ்எஸ்எல் இரண்டாம் நிலை, ஒரே ஒரு பெரிய பதிப்புக்குத்தான். ‘பழையது ஓடுமா’ என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. எந்த லைப்ரரியில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

மார்ச் 11

எங்கள் மென்பொருளை சோர்ஸிலிருந்து (மூல நிரலிலிருந்து) 9-ல் பில்ட் செய்தோம். 9-ன் கம்பைலரான ஜிசிசி 11, ‘மல்டிபிள் டெஃபினிஷன்’ (ஒரே பெயருக்குப் பல வரையறைகள்) என்று பக்கம் பக்கமாகக் கொட்டியது. பல சி கோப்புகள் சேர்த்துக்கொள்ளும் ஹெடர் கோப்பில், ‘வரையறை வேறிடத்தில்’ என்று சொல்லும் எக்ஸ்டர்ன் போடாமல் அறிவித்த குளோபல் மாறிகள்தான் காரணம். ஜிசிசி 10-லிருந்து இதை இயல்பாக அனுமதிப்பதில்லை. எஃப்-காமன் கொடி போட்டால் வாயை மூடிக்கொள்ளும். நான் போடவில்லை, ஹெடரில் எக்ஸ்டர்ன், ஒரே ஒரு சி கோப்பில் டெஃபினிஷன் என்று திருத்திவிட்டோம்.

மார்ச் 14

‘இனி எல்லாவற்றையும் 9-லேயே பில்ட் செய்யலாமே’ என்று குழுவில் கேட்டார்கள். சில சர்வர்கள் இன்னும் 8-ல் இருக்கும்வரை கூடாது என்பது என் கட்சி. வெறும் மெயின் மட்டும் உள்ள ஒரு நிரலை 9-ல் கம்பைல் செய்து கோப்பின் உள்ளே பார்க்க உதவும் ஆப்ஜ்டம்ப்பில் காட்டினேன்: நிரலைத் தொடங்கிவைக்கும் ஜிலிப்சி ஃபங்ஷனான லிப்சி ஸ்டார்ட் மெயினுக்குப் பக்கத்தில் 2.34 என்ற முத்திரை. 8-ல் இருப்பது ஜிலிப்சி 2.28. அங்கே போனால் முதல் அடியிலேயே நின்றுவிடும்.

ஆகவே பில்ட் 8-ல். புது சி++ வசதி வேண்டும் என்பவர்களுக்கு அங்கேயே ஜிசிசி டூல்செட் 12 இருக்கிறது: கம்பைலர் புதிது, அடியில் இருக்கும் ஜிலிப்சி பழையதே. ஓப்பன்எஸ்எஸ்எல் தொடும் நிரலுக்கு மட்டும் 8-க்கு ஒன்று, 9-க்கு ஒன்று என இரண்டு பில்ட். அதில் தரவின் கைரேகை போன்ற ஓர் எண்ணைக் கணக்கிடும் எஸ்ஹெச்ஏ256 ஃபங்ஷன்களை நேரடியாக அழைக்கும் இடங்களில் எச்சரிக்கை வருகிறது. அவற்றை ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1, 3 இரண்டிலும் இருக்கும் ஈவிபி என்ற பொது அழைப்புகளுக்கு மாற்றும் வேலை திங்கட்கிழமை.