தடித்த எழுத்தில் வராத எண்

எங்கள் லேப் ரிப்போர்ட்டில் அளவு மீறிய எண் மட்டும்தான் தடித்த எழுத்தில் வரும். ஒரு பெரியவருடைய ஹீமோகுளோபின் 13.2, சாதாரண எழுத்தில்தான் வந்தது. ஆண்களுக்கு 13-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்று கணக்கு. முறைப்படி லேப் டெக்னீஷியனான நான் வாய் திறக்க வேண்டியதே இல்லை.

ஆனால் அவர் சர்க்கரைக்காக வழக்கமாக வருகிறவர். பழைய எண்கள் கம்ப்யூட்டரிலேயே இருந்தன: 15.1, அப்புறம் 14.4, இப்போது 13.2. சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்சிவி 89-லிருந்து 81-க்கு வந்திருந்தது. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து, ஸ்மியர் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். நல்ல அணுக்களுக்கு நடுவே, சிறுத்து நடுப்பகுதி வெளுத்த அணுக்களும் கலந்து கிடந்தன. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கூறு இருப்பவர்களுக்கும் அணு சிறுத்திருக்கும். ஆனால் அது பிறவியிலிருந்தே அப்படித்தான் இருக்கும், வருஷத்துக்கு வருஷம் இப்படி இறங்காது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். பழையது நன்றாக இருந்து, புதிதாக வருவது மட்டும் சிறுத்து வந்தால், இரும்புச்சத்து சமீபமாகத்தான் குறைய ஆரம்பித்திருக்க வாய்ப்பு அதிகம். அறுபது தாண்டிய ஆணுக்கு அப்படியென்றால் குடலில் ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பெருங்குடலின் வலப்பக்கத்தில் வரும் கட்டி வலியே இல்லாமல் ரொம்ப நாள் கசியும்.

"எல்லாம் நார்மல்தானே அம்மிணி?"

"இன்னைக்கு நார்மல்தானுங்க. ஆனா குறைஞ்சுக்கிட்டே வருதுங்க. பழைய ரிப்போர்ட்டையும் சேர்த்து டாக்டர்கிட்டக் காட்டுங்க."

காட்டில் மஞ்சள் அறுவடை நடக்கிறது, அந்த அசதிதான் என்றார் பெரியவர். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த முறை 14.0. "ஏறிப்போச்சு பாத்தியா!" என்று சிரித்தார்.

அந்த இடத்தில்தான் என் மனசு இன்னும் நிற்கிறது. மாத்திரை எண்ணை ஏற்றிவிடும், கசிவை நிறுத்தாது. மலமும் மாத்திரையால் கறுத்துப் போகும். நிறத்தை வைத்து வீட்டில் யாரும் சந்தேகப்படவும் வழியில்லை. அதனால் சொன்னேன்: "ஏறினது சந்தோசமுங்க. ஏன் குறைஞ்சுதுன்னு இன்னும் தெரியலீங்களே. குடல் டாக்டர் ஒருத்தர்கிட்டக் காட்டிருங்க." கேன்சர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது. முகமே மாறிவிட்டது.

சாயங்காலம் மகன் எங்கள் ஓனருக்குப் போன் செய்தார், எங்கய்யனை உங்க லேப் பொண்ணு பயமுறுத்துது என்று. "எண்ணைக் குடுக்கறதுதான் நம்ம வேலை, அர்த்தம் சொல்றது டாக்டர் வேலை" என்றார் ஓனர். அவர் சொன்னதும் நியாயம். அந்தப் பெரியவர் வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆஸ்பிரின் சாப்பிட்டாலே வயிற்றில் கசியலாம்.

மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்துக்கான டெஸ்ட்டை மட்டும் சொல்லியிருந்தால் அவர் மிரண்டிருக்க மாட்டாரோ? ஆனால் கசிவு தினமும் இருக்காது. அது நெகட்டிவ் என்று வந்திருந்தால் அதோடு விட்டிருப்பார்.

கடைசியில் கோயமுத்தூர் போய், பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் கொலனாஸ்கோபி செய்தார்கள். பெருங்குடல் ஆரம்பிக்கும் இடத்திலேயே கட்டி. ஆபரேஷன் முடிந்தது என்று கேள்விப்பட்டேன். அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து எங்கள் லேபுக்கு யாரும் வரவில்லை.

இதை வைத்து நான் செய்தது சரி என்று சொல்லிவிடலாம். ஆனால் இதேபோல் இன்னொருவரிடமும் சொன்னேன். அவருக்குக் கொலனாஸ்கோபியில் ஒன்றுமே இல்லை. அந்தச் செலவுக்கும், அத்தனை நாள் அந்தக் குடும்பம் தூங்காமல் கிடந்ததற்கும் யார் பதில் சொல்வது?

2016-ல் இஸ்ரேல், பிரிட்டன் நோயாளிகளின் பழைய சிபிசி (ஹீமோகுளோபின், எம்சிவி எல்லாம் வரும் ரத்த டெஸ்ட்) எண்களோடு வயதையும் பாலினத்தையும் சேர்த்து, யாருக்குப் பெருங்குடல் புற்றுநோய் இருக்க வாய்ப்பு அதிகம் என்று கம்ப்யூட்டரைக் கணிக்க வைத்த ஆய்வு வந்தது. யாரைக் கொலனாஸ்கோபிக்கு அனுப்பலாம் என்று காட்டத்தான் அது. நோய் இருக்கிறது, இல்லை என்று அது தீர்ப்புச் சொல்லாது. இங்கே ஜனங்கள் "கேன்சர் டெஸ்ட்" என்று பணம் கட்டி சிஇஏ என்ற ரத்த டெஸ்ட் பார்க்கிறார்கள். ஆரம்பக் கட்டத்தில் அது பல பேருக்கு நார்மலாகவே இருக்கும், புகைபிடிப்பவர்களுக்குச் சும்மாவே ஏறும். கையில் இருக்கும் பழைய சிபிசியை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பவர் குறைவு. எனக்கு இதில் ஆதங்கம் நிறைய.

லேப் டெக்னீஷியன் அர்த்தம் சொல்லக் கூடாது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். நாளைக்கே இன்னொருவர் அப்படி வந்து கேட்டால் சொல்லிவிடுவேன் என்றும் தெரிகிறது. இப்போதைக்கு, ரிப்போர்ட்டிலேயே முந்தைய மூன்று எண்களையும் பக்கத்தில் அச்சடிக்க முடியுமா என்று சாஃப்ட்வேர்க்காரரிடம் கேட்டேன். முடியும் என்கிறார். ஓனர் இன்னும் சரி சொல்லவில்லை.